புதுத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த வாரம்

கலை,

காலை ஷிப்டு ஆட்களைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு மரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். அடுத்த ட்ரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து இதை எழுத முடியாது என்று உனக்கே தெரியும். பந்தல்காரர் ஒரு பக்கம் நிற்கிறார், சமையல்காரர் ஒரு பக்கம் நிற்கிறார், உங்கம்மா இரண்டு பேரோடும் ஒரே மூச்சில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நடுவில் நான் பேனாவோடு உட்கார்ந்தால், "கல்யாண ஊட்ல இன்னாயா எழுதிகினு கீற" என்று பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். வாயால் சொன்னால் ஆகாதா என்று நீ கேட்பாய். ஆகாதும்மா. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஆவடி ரோட்டில் போவேன், கை தடுமாறாது. உன் முன்னால் நின்று இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வந்தால், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். கல்யாணத்தன்று அழாமல் நிற்பதே எனக்குப் பெரிய வேலையாக இருக்கும். அதனால் நீ கோயம்புத்தூர் கிளம்புவதற்கு முன்னால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவங்க அம்மா அப்பாவும் படிக்கட்டும். தங்கள் வீட்டுக்கு வரும் பெண் எப்பேர்ப்பட்டவள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

நான் சொல்லப்போவது நீ துப்பாக்கி வாங்கிய சங்கதி. நம் தெருவில் இன்றைக்கும் பேசுவார்கள், "டிரைவர் பொண்ணு துப்பாக்கி வெச்சிருக்குது" என்று. உங்கம்மாகூட முதலில் பயந்தாள். காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து, அங்கே உன் குறி நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லி, அம்பத்தூரில் மாடியில் நடக்கும் அந்த ஷூட்டிங் ரேஞ்சுக்கு நீ ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போக ஆரம்பித்தாய். ரேஞ்சை நடத்தியவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நீங்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பீர்கள். அங்கே இருந்த பொதுத் துப்பாக்கிகளை வைத்தே பழகினாய். வேலைக்குப் போய் ஒரு வருஷம் கழித்து, உன் சம்பாத்தியத்தில், பூந்தமல்லியில் தனசேகர் கடையிலிருந்து உனக்கென்று ஒரு ஏர் ரைஃபிள் வாங்கி வந்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. அதற்குள் கை பழக வேண்டும் என்று ஒரே பரபரப்பு உனக்கு.

வாங்கிய மறுநாள் என்னையும் ரேஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனாய். நான் சும்மா வரவில்லை. புது வண்டி எடுத்தால் செய்வது போல எலுமிச்சம்பழமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வந்தேன். மாஸ்டர் அதைப் பார்த்து, "ஏன் சார், துப்பாக்கியை எலுமிச்சம்பழத்து மேல ஏத்தப் போறீங்களா?" என்று சிரித்தார். நீ கொஞ்சம்கூட வெட்கப்படாமல், "எங்க நைனா ஆசைப்படுறாரு மாஸ்டர்" என்று சொல்லி, தோளில் அணைக்கும் மரக்கட்டையில் ஒரு பொட்டு வைக்க விட்டாய். அதோடு விடாமல், "முதல் குண்டு நீ போடு நைனா" என்றாய். சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் அப்பனை முன்னிறுத்துவது பெரிய காரியமில்லை. உன் கூட்டாளிகள் முன்னால், இங்கிலீஷ் பேசும் பிள்ளைகள் முன்னால், காக்கிச் சட்டையோடு நின்ற என்னைக் கூப்பிட்டு அந்த மரியாதையைக் கொடுத்தாயே, அதற்கே நான் உனக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

இதைப் படிப்பவர்களுக்குத் துப்பாக்கி தெரியாது என்பதால் நீ எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். அந்த ரகத் துப்பாக்கியில் பேரல் என்னும் நீளக் குழாயைப் பிடித்து நடுவில் மடக்கிக் கீழே இழுக்க வேண்டும். இழுக்கும்போது உள்ளே இருக்கும் முரட்டு ஸ்பிரிங் சுருங்கும். சுருங்கிய ஸ்பிரிங்கை ஒரு சின்னக் கொக்கி பிடித்துக்கொள்ளும். மடங்கிய இடத்தில் தெரியும் ஓட்டையில் குண்டை வைத்து, பேரலை நிமிர்த்தி, குறி பார்த்து ட்ரிகரை அழுத்தினால்தான் கொக்கி விடும், குண்டு பாயும். எல்லாம் அந்தக் கொக்கியை நம்பித்தான் இருக்கிறது. அன்றைக்கு நீ பேரலைக் கீழே இழுத்துப் பிடித்தாய். நான் குனிந்து, கடுகு மாதிரி இருக்கும் அந்தக் குண்டைத் தடவித் தடவி ஓட்டையில் வைத்துக்கொண்டிருந்தேன். ட்ரிகர் பக்கம் யார் கையும் இல்லை. திடீரென்று உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கொக்கி தானாக விட்டுவிட்டது. பேரல் எலிப்பொறி மாதிரி மேலே அடித்தது.

அப்போது நீ என்ன செய்தாய் என்பதைத்தான் நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நீ பயந்து கையை விட்டிருக்கலாம். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நீ விடவில்லை. உன் மணிக்கட்டு பிசகிக்கொண்டு போனது, தோள் வரைக்கும் தூக்கியடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பேரலை இழுத்துப் பிடித்தாய். கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்தில் என் விரல் வெளியே வந்துவிட்டது. ஆள்காட்டி விரல் நுனியில் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியதோடு போயிற்று. நீ விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்று மாஸ்டரே சொன்னார். வலது கை விரல் போன டிரைவரை எந்தக் கம்பெனியும் வண்டியில் உட்கார வைக்காது. நீ என் கையைப் பிடித்துத் தூக்கி, உன் துப்பட்டாவைச் சுற்றி, "நைனா, மடக்கிப் பாரு, மடக்கிப் பாரு" என்று கத்தினாய். மடக்கினேன். மடங்கியது. அதற்கப்புறம்தான் நீ அழுதாய்.

குண்டு வைக்கும்வரை பேரலை விடாதே என்று மாஸ்டர் உங்களுக்கு முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லிச் சொல்லி உங்களுக்கெல்லாம் சலித்தே போய்விட்டதாம். சலிக்கும்வரை சொன்ன அந்த மனுஷருக்கு நம் வீட்டு முதல் பத்திரிகை போனது அதனால்தான். புது வீட்டில் உனக்கும் யாராவது ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கேஸை மூடினாயா, பின்கதவைத் தாழ் போட்டாயா என்று. எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள். சில பேருக்கு அன்பு காட்ட அந்த ஒரு வழிதான் தெரிந்திருக்கும்.

உங்கம்மா வேலை பார்த்த கிளினிக்கிலேயே விரலுக்குக் கட்டுப் போட்டார்கள். அவள் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதைக் கவனித்தாயா? என்னைத்தான் திட்டினாள். "பொண்ணு விளையாடுற எடத்துல ஒனக்கு இன்னாயா வேல?" என்று கேட்டுவிட்டு, உன் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே, "நாளைக்கே கடைக்குப் போடி. உனக்கு ஆனது வேற யாருக்கும் ஆவக்கூடாது" என்றாள். பிற்பாடு நீ கடையில் கேட்டாயே ஒரு கேள்வி, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் தனசேகர் கடைக்குப் போனோம். கேரம் போர்டு, கிரிக்கெட் மட்டை எல்லாம் வெளியே தொங்கும், துப்பாக்கிகள் உள்ளே கண்ணாடி அலமாரியில் இருக்கும். அவர் என் விரலில் இருந்த கட்டைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். "ட்ரிகரத் தொட்டிருப்பம்மா. புதுசா வாங்குறவங்க எல்லாம் பண்றதுதான்."

"தொடலைண்ணே. என் ரெண்டு கையும் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாமலே பட்டிருக்கும். கம்பெனில டெஸ்ட் பண்ணாம அனுப்புவானா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் முழங்கையைத் தொட்டாய். அவருடைய ரிப்பேர் மேஜையில் இரும்பு இடுக்கி ஒன்று பொருத்தியிருந்தது. "அதுல கட்டையை மாட்டிடலாம்ணே. ட்ரிகர் பக்கம் யாரும் போக வேண்டாம். நீங்களே பேரலை மடக்குங்க. விட்டுட்டு தள்ளி நில்லுங்க. கட்டையை லேசா தட்டிப் பார்ப்போம்" என்றாய். வெளியே தள்ளுவண்டியில் ஒரு கேரட் வாங்கி வந்து, விரல் வைக்கும் இடத்தில் வைத்தாய். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தனசேகர் மடக்கினார், நீ மரச் சுத்தியலால் தட்டினாய். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி மடக்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை. ஒன்றுமில்லை. யாரோ ஒருவர், "கேரட்டு சமையலுக்காவது ஆவும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. 'போதும் வாம்மா, போயிடலாம்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீ முகம் மாறாமல், "இன்னொரு தடவ மட்டும்ணே" என்றாய். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. காலையில் பால்காரரிடம் ஒரு பாக்கெட் சேர்த்துக் கேட்பது மாதிரி கேட்டாய்.

அவர் சலித்துக்கொண்டே மடக்கினார். கையை எடுத்து அரை நொடிகூட ஆகியிருக்காது. நீ சுத்தியலைத் தூக்கக்கூட இல்லை. பேரல் அடித்த சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கேரட் இரண்டாகி ஒரு துண்டு என் கால் பக்கம் வந்து விழுந்தது. சிரித்தவர்கள் மேஜையை விட்டுப் பின்வாங்கினார்கள். தனசேகர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் நல்ல வியாபாரி. கொஞ்ச நேரத்தில் தேறிக்கொண்டு, அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இத எத்துகினு போம்மா. ஞாயித்துக்கெழம செலக்சன்னு சொன்னியே. இந்த விசயத்த நாலு பேராண்ட சொல்லாத, அது போதும்" என்றார். நீ அந்தப் புதுத் துப்பாக்கியைத் தொடவில்லை. "இதுவும் அதே பெட்டில வந்ததுதானேண்ணே? அதுல வந்தது வேற யாருக்குப் போச்சு?" என்று கேட்டாய்.

"அது எதுக்கு உனக்கு?"

"அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க. யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்லுங்க. கம்பெனிக்காரங்க வந்து பார்க்கிற வரைக்கும் மீதி எல்லாத்தையும் அலமாரியிலேர்ந்து எடுத்து வைங்க. அப்புறம் நான் வாங்கிக்கிறேன்."

"இன்னாம்மா நீ, கடைக்கே பூட்டு போட சொல்ற? அண்ணாத்தே, நீயாச்சும் சொல்லு" என்று அவர் என்னைப் பார்த்தார். நீயும் என்னைப் பார்த்தாய். உன் ஒரு வருஷ ஆசை அந்த மேஜை மேல் இருந்தது. கையை நீட்டினால் உன்னுடையது. எடுத்துக்கொள் என்றும் எனக்கு வாய் வரவில்லை கலை, வேண்டாம் என்றும் வரவில்லை. நீதான் பழைய துப்பாக்கியை இடுக்கியிலிருந்து கழற்றி, உறையில் போட்டு, "யோசிச்சுப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாய். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாய்.

அதற்கடுத்த நாள் காலையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நான் லீவில் இருந்தேன். நீ கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தனசேகர். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் நின்றுகொண்டே பேசினார். "சோத்துல கை வெச்சா அந்த சத்தந்தான் கேக்குதும்மா. எனக்கும் சின்னதா ஒரு பொண்ணு கீது. அந்தப் பெட்டில ரெண்டு பேருக்குத்தான் குடுத்துகீறேன் உன்ன விட்டா. பட்டாபிராம்காரர் போன எடுத்தாரு, இன்னும் பிரிக்கவே இல்லயாம். சென்னீர்குப்பத்துல ஒருத்தரு, நேத்துலேர்ந்து அடிக்கிறேன், எடுக்க மாட்டறாரு. அட்ரஸ் கீது. கூட வர்றியா? நான் போய் சொன்னா யாவாரம் பண்ண வந்தான்னு நெனப்பாங்க. நீ சொன்னா கேப்பாங்க." நீ ஆபீஸுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு அப்படியே வேனில் ஏறினாய். நானும் ஏறினேன்.

பெங்களூர் ரோட்டில் அன்றைக்கு ஊர்ப்பட்ட லாரி. தனசேகர் வேனை ஓட்டிய லட்சணத்தைப் பார்த்து எனக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. ஹைவேயிலிருந்து உள்ளே திரும்பி அந்த ஃப்ளாட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த பெண், "அவரா? போனை சார்ஜ்ல போட்டுட்டு, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருக்காரே. லீவு விட்டதிலேர்ந்து அந்தத் துப்பாக்கிதான் ரெண்டு பேருக்கும்" என்றாள். தனசேகருக்கு முகம் வெளுத்துவிட்டது. நீ அதற்குள் படியேறிவிட்டாய். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள். மணல் மூட்டையில் ஒரு காகிதத்தை ஒட்டிக் குறி வைத்திருந்தார்கள். சங்கர் என்ற அந்த மனிதர் ஒரு கையால் பேரலை ஏனோதானோ என்று பிடித்திருக்கிறார். அந்தப் பெண் குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு குனிந்து, பிஞ்சு விரலால் ஓட்டையில் குண்டை வைத்துக்கொண்டிருக்கிறது. என் விரல் இருந்த அதே இடம். நான் கத்தியிருப்பேன். நீ கையைப் பின்னால் நீட்டி என் நெஞ்சில் வைத்து நிறுத்தினாய். அப்புறம், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல, "பாப்பா, உன் பேரு என்ன? இங்க வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்றாய். குழந்தை நிமிர்ந்து பார்த்தது. "இனியா" என்று சொல்லிக்கொண்டே உன்னிடம் ஓடி வந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "சார், ட்ரிகர் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க, பேரலை ரெண்டு கையாலயும் கெட்டியா பிடிச்சுக்குங்க, நான் வர்றேன்" என்று மெதுவாகப் பேசிக்கொண்டே போய், அவர் கைக்கு மேல் உன் கையை வைத்தாய். பேரலை நிமிர்த்தி, மணல் மூட்டையைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்து, துப்பாக்கியைத் தரையில் வைத்தாய். பிறகு நீயும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். இனியா என் கட்டுப் போட்ட விரலைப் பிடித்து, "தாத்தா, இது என்ன ஊசியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சத்தம் போட்டிருந்தால் சங்கர் திடுக்கிட்டுக் கையை விட்டிருப்பார். அது உனக்கு அந்த நொடியில் எப்படித் தோன்றியது என்று பிற்பாடு கேட்டேன். "தெரியல நைனா, கத்துற அளவுக்கு வாயில தண்ணியே இல்ல" என்றாய். எப்படியோ, அந்தக் குரலை வைத்துக்கொள் அம்மா. குடும்பத்தில் எல்லோரும் கத்துகிற நேரம் ஒன்று வரும். அப்போது உன்னிடமிருந்து அந்தக் குரல் வரட்டும்.

சங்கர் தென்காசிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "நல்லாத்தானங்க இருக்கு, பத்து நாளா சுடுதோம், ஒண்ணும் ஆகலியே" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அன்றைக்கு அங்கே தட்டிப் பார்த்தோம், மாஸ்டரிடம் கொண்டுபோய்த் தட்டிப் பார்த்தோம், அந்தத் துப்பாக்கி ஒரு தடவைகூடத் தானாக விடவில்லை. நம்மைப் பைத்தியம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவர் மனைவி மட்டும், "சரியாகுற வரைக்கும் அது இந்த வீட்டுல வேண்டாம்" என்று தூக்கி உன் கையில் கொடுத்துவிட்டாள்.

கம்பெனிக்கு நீ அனுப்பிய மெயிலுக்குப் பதிலே வரவில்லை. தனசேகர்தான் போனில் பிடித்தார். "டீலர் பேசறேன் சார். கஸ்டமர் தப்புன்னு நானும் சொன்னவன்தான். என் கைய வெச்சுத்தான் கத்துகினேன். நீங்க ஆள் அனுப்புங்க, இல்லாங்காட்டி மொத்த சரக்கும் ரிட்டர்ன்" என்று அவர் போட்ட போட்டில், அந்த வாரக் கடைசியில் ஒரு இன்ஜினியர் வந்தார். ரேஞ்சில் மேஜை போட்டு இரண்டு துப்பாக்கிகளையும் பிரித்தார். நம்முடையதில் கொக்கியின் முனை மழுங்கிப் போயிருந்தது. சங்கருடையதில் மழுங்கல் கம்மி, ஆனால் முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்தக் கொக்கிகளை உலையில் போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டுமாம். ஒரு தட்டுக் கொக்கிகள் மட்டும் உலைக்குப் போகாமலே அடுத்த வேலைக்குப் போய்விட்டதாம். "இது இன்னும் எத்தனை தடவை தாங்கியிருக்கும் சார்?" என்று நீ சங்கருடையதைக் காட்டிக் கேட்டாய். அவர், "சொல்ல முடியாதும்மா. வருஷக்கணக்காவும் தாங்கலாம், அடுத்த தடவையே விட்டிருக்கலாம்" என்றார். சங்கர் அந்தக் கொக்கியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது படிக்கட்டில் உட்கார்ந்து இனியாவுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் எழுந்து என்னிடம் வந்து, விரலைப் பார்த்து, "தப்பு எங்களோடதுதான் சார்" என்றார். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. எனக்கு அதுவரை இருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. அந்த வரிசையில் போன துப்பாக்கிகளை எல்லா ஊரிலிருந்தும் திரும்ப வாங்கினார்கள். நமக்கும் சங்கருக்கும் வேறு துப்பாக்கி வந்தது. ஆனால் அது உன் தேர்வுக்குப் பிறகுதான் வந்தது. தேர்வன்று மாஸ்டர் யாரிடமோ கேட்டு வாங்கிக் கொடுத்த துப்பாக்கியில், மணிக்கட்டில் கட்டோடு சுட்டாய். பட்டியலில் உன் பெயர் வரவில்லை. திரும்பி வரும்போது நீ என்ன சொல்வாயோ என்று பயந்துகொண்டே வந்தேன். பாடி பாலம் ஏறும்போது, "நைனா, பசிக்குது, பிரிஞ்சி சாப்பிடலாமா?" என்றாய். நன்றாகச் சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு வந்து, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாய். அடுத்த வருஷம் தேர்வாகி மாநிலப் போட்டிக்குப் போகவும் போனாய். மெடல் வரவில்லை. அதனால் என்ன. என்னைப் போட்டோ எடுக்கச் சொல்லி, பேர் எழுதிய அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றாயே, அந்தப் படம் என் வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உன்னால் நடக்காமல் போனது ஒன்று இருக்கிறது. நடக்காததை யாரும் பேப்பரில் போட மாட்டார்கள், யாரும் வந்து மாலை போட மாட்டார்கள். சங்கர் வீட்டிலும் இனியா வளர வளர அதை மறந்துவிடும், மறக்கத்தான் வேண்டும். நான் மறக்க மாட்டேன். என் மகள் ஒரு மொட்டை மாடியில் ஏறினாள், ஒரு குழந்தை பத்து விரலோடு இறங்கியது. அதற்காக உனக்கு நன்றி. கையை விடாததற்கு நன்றி. கடையில் நாலு பேர் சிரித்தபோது என்னை மாதிரி திரும்பிப் போக நினைக்காததற்கு நன்றி. தனசேகரை ஜெயிக்க வேண்டும் என்று நினைக்காமல் அவருக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தாய். அதனால்தான் அவர் நம் வாசற்படிக்கு வந்தார், அதற்கும் நன்றி. பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று உங்கம்மா கேட்பாள். சொல்லலாம். பெற்றதற்கு மேல் நீ நிறைய கொடுத்திருக்கிறாய்.

கடைசியாக ஒன்று. மாப்பிள்ளை தங்கமானவர். அவங்க அம்மா அப்பாவும் மரியாதை தெரிந்தவர்கள். இதை அவர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். உலகம் எப்படி என்று அந்த வாரத்தில் நான் பார்த்தேன். ஒரு பெண் 'இது சரியில்லை' என்று சொன்னால், 'நீதான் ஏதோ பண்ணியிருப்பே' என்றுதான் முதல் பதில் வருகிறது. அதைக் கேட்டுக் கேட்டு அவளே ஒரு நாள் அப்படி நம்பிவிடுவாள். ஒருவரை நம்ப வைக்க நீ அன்றைக்கு எவ்வளவு பாடுபட்டாய் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான். என்னிடம் அந்தப் பாடு உனக்கு வேண்டாம். எந்த விஷயமாக இருந்தாலும், எந்த வருஷமாக இருந்தாலும், எனக்கு எதையும் செய்து காட்ட வேண்டாம், சாட்சி வேண்டாம். போனை எடுத்து, "நைனா, சரியில்ல" என்று மட்டும் சொல். என்ன, ஏன் என்று வழியில் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.

உன்னால் நிம்மதியாக வண்டி ஓட்டும்,
உன் நைனா